பத்து இருபத்தேழு

பத்தரைக்கு மது அலமாரியைத் துணிபோட்டு மூடிவிடுவார்கள்.
தோ பாயோ பேரங்காடியில்
மூச்சிரைக்க நிற்கிறோம், நானும் சுவீ லிங்கும்.

அவளுக்குப் பினோ நுவார்.
"மெலிசு. மழை விட்ட பூங்கா மாதிரி."
எனக்கு ஷிராஸ்:
மிளகு தூக்கலான ஆட்டுக்கறியை
எதிர்த்துப் பேசத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மால்பெக் பைத்தியம் தேவசகாயம்
மெல்பர்னுக்குப் போய்விட்டான்.
அவன் போத்தல் மட்டும்
என் அலமாரியில் படுத்தே கிடக்கிறது.

பன்னிரண்டாம் மாடி.
கோப்பிக் குவளைகளில் ஊற்றுகிறோம், ஷிராஸ்தான்.
முதல் மிடறிலேயே
நாவற்பழம் தின்றதுபோல் நாக்கு சுருங்க,
"இதுக்கு உங்க மொழியில என்ன?"
"துவர்ப்பு."

துவப்பு, என்கிறாள். துவருப்பு.
ஊதா உதடுகள் ரகரத்தில் வழுக்கி
மறுபடி, மறுபடி.

காலை ஏழுக்கு இருவருக்கும் ஷிப்ட்.
போத்தலில் இன்னும் பாதி இருக்கிறது.