காலி எடை

ராயக்கோட்டை சாலையில் எங்கள் எடை மேடை.
அறுபது டன் தாங்கும்.
பத்து கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
வண்டி வராத மத்தியானத்தில் நான் ஏறி நின்றால்
எழுபது என்கிறது.
நவநீதா நின்றால் ஐம்பது.
நிப்பட்டுப் பொட்டலத்தோடு நின்றாலும் ஐம்பதுதான்.

ஒரே வயது, ஒரே உயரம்,
கிழிந்த ரெக்ஸின் போட்ட ஒரே மாதிரி நாற்காலி.
ருத்ரப்பா மெஸ்ஸிலிருந்து வரும் தூக்கில்
ஆளுக்கு இரண்டு களி உருண்டை,
மேலே அவரைக்கொட்டைக் குழம்பு.
இரண்டையும் விழுங்கிவிட்டு
என் தூக்கை எட்டிப் பார்ப்பாள்.
"உனக்கென்னடி, காத்தைக் குடிச்சாலும் ஒட்டும்."

பழையபேட்டை கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
அச்சடித்த தாள்.
பெண், முப்பத்தேழு, உட்கார்ந்து செய்யும் வேலை:
நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு கலோரி,
எடை ஏறாது, இறங்காது.
பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.

மூன்று மாதம் அளந்து தின்றேன்.
இரண்டு கிலோ ஏறியது.
அதே தாளை ஜெராக்ஸ் எடுத்துப் போன நவநீதாவுக்குச்
சுடிதார் இடுப்பில் நிற்கவில்லை.
"மறைக்காம சொல்லுங்க, நடுவுல என்ன சாப்பிட்டீங்க?"
என்றார் டாக்டர்.
எடைச்சீட்டு எழுதுகிறவளைப் பார்த்து!

ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சரி என்று வந்தது.
அன்றைக்கு எனக்கு அதுவும் ஒரு ஏமாற்றம்.

தோத்தாபுரி சீசன்.
மாங்கூழ் ஆலைக்குப் போகும் வண்டிகள்
ராத்திரி இரண்டு மணிக்கும் வரிசையில் நிற்கும்.
திம்மராயனிடம் இரண்டு லாரி,
ஒரே கம்பெனி, ஒரே வருடம்.
ஒன்று லிட்டருக்கு நாலு கொடுக்கும்,
ஒன்று மூன்றரையைத் தாண்டாது.
"ஏண்ணா?" என்றேன்.
பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்:
"இஞ்சின், டயரு, கிளீனர் பையன் ஏத்துற கட்டில்,
ஒருக்கா கவுந்த வண்டி அது, என்னன்னு சொல்றது."

ஒரு வண்டியின் காலி எடையை
இன்னொரு வண்டிக்கு எழுதினால்
மண்டியில் சட்டையைப் பிடிப்பார்கள்.
ஒவ்வொன்றையும் இறக்கி, வெறுமையாக நிறுத்தி,
தனியாகப் பார்த்தால்தான் சீட்டு.
இதை நான் பதினொரு வருடமாகச் செய்கிறேன்.
அந்தத் தாளை வாங்கியபோது தோன்றவே இல்லை.

அப்புறம்தான் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.
நவநீதாவின் கால்
இல்லாத தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தது.
போன் வந்தால் எழுந்து நடப்பாள்.
நம்பர் பிளேட்டை நான் கேமராவில் படிப்பேன்;
அவள் வெயிலில் இறங்கிப் போய்ப் படித்து,
டிரைவரோடு சண்டையும் போட்டுத் திரும்புவாள்.
பள்ளியில் கபடி ஆடிய தொடை,
இன்னும் கல்லாக இருக்கிறது.

நானோ, தம்பி கல்யாணத்துப் பட்டுப் புடவைக்காக
ஆறு மாதம் ஒரு வேளை தின்று
பதினாலு கிலோ இறக்கியவள்.
பதினொன்று திரும்பி வந்தது.
அன்றிலிருந்து என் உடம்பு
ஒருமுறை கந்துவட்டியில் மாட்டிய குடும்பம் மாதிரி.
கூடத்தில் ஆள் இருக்கும்போதே விளக்கை அணைக்கிறது.

இதுதான் முழுக் காரணமா? தெரியாது.
அப்பா வழி ரத்தமாக இருக்கலாம்,
நைட் ஷிப்டாக இருக்கலாம்.
சில கிலோவை எந்த மேடையும் காட்டுவதில்லை.

பழைய சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.
தின்றது இவ்வளவு,
வெள்ளிக்கிழமை மருந்துக் கடைத் தராசில் இவ்வளவு.
ஆடி பிறக்கும்போது என் எண் கிடைத்தது:
ஆயிரத்து ஐந்நூற்று அறுபது.
கொஞ்சம் முன்னே பின்னே.
யாருக்கும் கொடுக்க முடியாத எண்.

இன்றும் இரண்டிரண்டு உருண்டைதான் வந்தது.
நூலால் அறுப்பது போலக் கரண்டிக் காம்பால்
ஒன்றைப் பாதியாக்கி அவள் தூக்கில் வைத்தேன்.
"ஏன், பிடிக்கலையா?" என்றாள்,
கால் ஆடிக்கொண்டே இருந்தது.

வெளியே ஹாரன்.
"காலியா, லோடா?" என்று ஜன்னலைத் திறந்தேன்.