மரம் எண் 417

லட்லோ. நூலகத்துக்குப் பின்னால் கார் நிறுத்துமிடம்.
ஓக் மரம் அழுகிறது, கறுப்பாக, என் பானட்டின்மேல்
என்று டெஸ்மண்ட் டிரிக்கெட் புகார் எழுதியிருந்தார்.
படம் வேறு இணைத்திருந்தார்: காரின் படம்.

என் குறிப்பேட்டில் தமிழில்தான் எழுதுவேன்,
மேலதிகாரி எட்டிப் பார்த்துப் பயனில்லை.
அழுகிறது என்று எழுதினேன்.
நடுவில் ஒரு கு விழுந்தால் அழுகுகிறது.
அந்த ஓர் எழுத்தைப் போடுவதா வேண்டாமா என்று பார்க்கத்தான்
இந்த மரச்சுத்தியல், இந்தக் கத்தி,
காலை ஏழு மணிக் குளிர்.

தட்டினேன். வடக்குப் பக்கம் கணீரென்றது.
மேற்கே வரவரக் குரல் கம்மி,
நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல.
அங்கே பட்டை குழிந்து, வெடித்து,
வெடிப்பு வழியே கஷாய நிறத்தில் கசிவு.
முகர்ந்தேன்: பழைய சாராயப் பீப்பாய்.
வண்டு வெளியேறிய அரைநிலாத் துளையைக்
கழுத்து வலிக்கும்வரை தேடினேன். இல்லை.
இல்லை என்றால், நான் காணவில்லை என்று பொருள்.

கத்தியை ஸ்பிரிட்டில் முக்கி நகமளவு கீறினேன்.
பழுப்பு.
ஒரு விரல் தள்ளி, பழுப்பு.
இன்னும் ஒரு விரல்:
வெள்ளரியின் உட்புறம்போல ஈர வெளுப்பு.
அந்த எல்லையில் மெழுகுப் பென்சிலால் கோடிழுத்துத்
தேதி போட்டேன்.
நாடாவின் மறுமுனையைக் கெதின் பிடித்தான்.
சுற்றளவில் கால் பங்கு செத்துவிட்டது.
முக்கால் இன்னும் தண்ணீர் இழுக்கிறது.

“தார் பூசிவிடலாமே?” என்றான்.
பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும்.
பட்ட கிளை இரண்டை மட்டும் குளிர்காலத்தில் எடு,
வெட்டுக்கு வெட்டு ரம்பத்தைக் கழுவு.
மருந்து?
கிடையாது.

குனிந்து சுத்தியலை எடுக்கையில்தான் தரையைப் பார்த்தேன்.
வேர்களின்மேல் இரண்டு கார் அகலத்துக்குத் தார்,
இரண்டு வெள்ளைக் கட்டம், இரண்டு மழையற்ற கோடை.

பரிந்துரை: இடம் பன்னிரண்டும் பதின்மூன்றும் மூடுக.
தாரைப் பெயர்த்து, அடிமரத்தைத் தொடாமல்
அரைச் சாண் உயரம் மரச்சீவல் பரப்புக.
டிரிக்கெட் நிறுத்துவது பதின்மூன்றில்.
அவருடைய அடுத்த கடிதம் நீளமாக இருக்கும்.

அக்டோபரில் திரும்ப வருவேன்.
புண் என் கோட்டைத் தாண்டியிருக்குமோ,
கோட்டுக்கு இப்பாலேயே பட்டையின் உதடு தடித்திருக்குமோ,
தெரியாது.
படிவத்தில் ‘தெரியாது’வுக்குக் கட்டம் இல்லை.
குறிப்பேட்டில்
அழு   கிறது
என்று ஓர் எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.