செல்லாது

மஞ்சக்குப்பம் கச்சேரியில்
என் பாட்டன் எழுதிய ஓலையை
நான் காகிதத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன்.
ஆனி வெயில். மை கலையாதிருக்க
மணிக்கட்டுக்கு அடியில் ஒரு துணி.

நஞ்சை நாலு காணி, புஞ்சை ஒன்றரை,
கிணற்றில் பாதி, மாவடை, மரவடை,
ஆள் சடையன், அவன் பெண்டு குப்பச்சி,
பிறந்ததும் பிறப்பதும்.

"ஆள் வரியை விட்டுவிடும்" என்றார் சிரஸ்தார்.
"கும்பினியார் சட்டம் போட்டு
ஒன்பது வருஷமாச்சு. அது செல்லாது."
விட்டேன்.
வரிக்கு இவ்வளவு என்றுதான் எனக்குக் கூலி.
அன்றைக்கு இரண்டு வரி நஷ்டம்.

அந்த இரண்டு வரியும்
வாசல் வேம்படியில் நின்றிருந்தது.
வெள்ளச்சி.
'பிறப்பதும்' என்ற சொல்லுக்குள் பிறந்தவள்.
கெடிலத்துக்கு அக்கரையிலிருந்து
பண்ணைக் காரியஸ்தர் கூட்டி வந்திருந்தார்,
புதுச் சீட்டில் கைநாட்டு வாங்க.

எழுதினேன்:
அப்பன் கல்யாணத்துக்குப் பதினெட்டு ரூபாய்,
ஆடிக் கூழுக்கு நெல்,
புடவை ஒன்று, ஏறிய வட்டி.
தீரும்வரை பண்ணை வேலை.
தீராவிட்டால்
(பேனா ஒரு கணம் பழைய சொல்லுக்கே போனது)
வாரிசுகள்.
அதே சுழி, அதே கொம்பு.
எங்கள் வீட்டுக் கையெழுத்து மாறுவதில்லை.

"அந்த ஓலையில நான் இருக்கனா, சாமி?"
இருந்தாய். இப்போது செல்லாது.
"செல்லாதுன்னா?"
யார் நீட்டினாலும்
வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

அவள் விரலில் மை தடவியாயிற்று.
காரியஸ்தர் மணிக்கட்டைப் பிடித்தார்.
அவள் கையை மூடினாள்.
உள்ளங்கையே கறுத்தது.
அவர் கத்தினார்.
நான் காகிதத்தில் மணல் தூவினேன்,
ஈரமே இல்லாத இடத்தில்.

மனை பண்ணையுடையது.
அன்றிரவே கூரையைப் பிரித்தார்களாம்.
அவள் தம்பி தொப்புளான்
விடியுமுன் புதுச்சேரிக்கு நடந்து
பூர்போன் கப்பலுக்குப் பேர் கொடுத்தானாம்,
அஞ்சு வருஷ ஒப்பந்தம்.
அந்தச் சீட்டு எழுதும் ஆளை எனக்குத் தெரியும்.
பிரெஞ்சுக்காரன் அவனுக்கு
என்னைவிட நாலு ரூபாய் கூடக் கொடுக்கிறான்.

தை பிறந்து ஒரு சனிக்கிழமை,
தேவனாம்பட்டினம் போகும் சாலையில்
மண் கொட்டுகிறார்கள்.
வரிசையில் அவள். தலையில் சும்மாடு.
ஆறு நாள் கூலி, ஆறணா:
ஒரு வெள்ளிக் கால் ரூபாய், மிச்சம் செம்பு.
மேஸ்திரி தொட்டுவிடாமல்
முழ உயரத்திலிருந்து காசை விட்டான்.
புழுதியில் விழுந்ததைப் பொறுக்கினாள்.
வெள்ளியைக் கடித்துப் பார்த்தாள்.
நீட்டினாள்.

"செல்லாது."

"சர்க்கார் காசுடி."

"ஈயம். செல்லாது."

பின்னால் நாற்பது பேர்.
ஒரு கூடைகூட நகரவில்லை.
கடல் காற்று மட்டும் மண்ணைக் கிளப்பி
மேஸ்திரி மீசையில் அப்பியது.
அவன் பையைத் துழாவி
வேறொன்று எடுத்தான்.
அதையும் மேலிருந்துதான் விட்டான்.
இம்முறை அவள் அதைத்
தரையில் விழ விடவில்லை.

திரும்பும்போது என்னைப் பார்த்தாளோ என்னவோ.
நான் குடையை அந்தப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு
கச்சேரிக்கு நடந்தேன்.
அன்றைக்கு மூன்று கடன் சீட்டு எழுத இருந்தது.