பெயர் வெட்டு

எட்டே கால் பஸ்ஸில் மன்னார்குடியிலிருந்து
மடியிலேயே வந்தது குடம்.
கண்டக்டர் அதற்கும் ஒரு சீட்டுக் கிழித்தார்.

கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் அப்போதுதான்
ஷட்டர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தன.
நகைக்கடன் பலகைக்குக் கீழே சாம்பிராணிப் புகை,
சைக்கிளில் நனைந்த சாக்குக்குள் வெற்றிலைக் கட்டு,
எல்லாவற்றுக்கும் மேலே அவசரமில்லாத ஒரு கோபுரம்.

வளையலையும் மரச் செப்பையும் விலை கேட்டுவிட்டுத்தான்
கும்பேசுவரரிடம் போக முடியும்.
அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.
நாசிக்கிலிருந்து வந்த கூட்டத்துக்கு
மஞ்சள் தொப்பிக்காரர் கை நீட்டிச் சொல்கிறார்:
ஊழி வெள்ளத்தில் மிதந்து வந்த குடம்
இங்கேதான் தரை தட்டிற்று.
வேடனாய் வந்தவன் அம்பு விட்டான்.
மூக்கு உடைந்தது. அதுதான் இந்த ஊர்.

நான் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டேன்.

மூன்று கிலோ நானூற்றிருபது.
அடியில் ஈயப்பற்று, அதற்குக் கழிவு.
குஞ்சிதபாதம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
குடத்தின் கழுத்தை வாசித்தார்:
பாலகுரு, செஙகமலம், 14.6.2009.
"ரு சரியா சுழியலை. ங்-க்குப் புள்ளியே காணோம்.
நம்ம கடை வெட்டு இல்லை."

பதினான்கு வருஷம்
புள்ளியில்லாமல் தண்ணீர் பிடித்திருக்கிறேன்.
கோர்ட்டில் கேட்ட எந்தக் கேள்வியிலும்
இது வரவில்லை.

மாற்றுக்கு ஒரு காப்பி ஃபில்டர் எடுத்தேன்,
ஓர் ஆளுக்கு.
"இருக்கிறதிலேயே சின்னது இது. விருந்தாளி வந்தா?"
"ரெண்டு தடவை இறக்கிக்குவேன்."

மிஷின் பையன் ஊசியை ஓடவிட்டுத்
தலை நிமிராமல் கேட்டான்:
"இனிஷியல்?"

முதலில் கோ. அப்புறம் பா.
ஊசி கிர்ரென்று
காற்றை வெட்டிக்கொண்டிருந்தது.
வாசலில் மஞ்சள் தொப்பி குளத்துக்கு வந்திருந்தார்:
சிந்தின அமுதம் தேங்கின இடம்,
நடந்தே போகலாம்,
குடை இருக்கிறவங்க எடுத்துக்குங்க.

"பேர் மட்டும் போதும்.
ங்-க்குப் புள்ளியை விட்டுடாதப்பா."

கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டான்.

நான் போவதற்குள் நடை சாத்திவிட்டார்கள்.
சாத்திய கதவுக்கு எதிரே
வெள்ளரிப் பிஞ்சுக்காரியின் குடை நிழலில் நின்று
ஃபில்டரை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தேன்.
அந்தப் புள்ளி வழியாக வெளிச்சம் வரவில்லை.
ஒழுகாது என்றுதான் தோன்றுகிறது.