பெரிய வியாழன், காசிமேடு

பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல்.
ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த என்னைக்
கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள்.
காலில் டீசல், செதில்,
குதிகால் வெடிப்பில் பாதித் துறைமுகம்.

"இந்தக் காலையா சாமியார் முத்தி பண்ணுவாரு?"
கோயில் கூட்டுகிற டெல்பினா
குழாயடிக்கு இழுத்துப் போனாள்.
தேங்காய் நார், பாத்திரம் விளக்கும் பவுடர்.
எரிந்தது, கத்தினேன், விடவில்லை.
விரலிடுக்குச் செதிலை
நகத்தால் நோண்டி எடுத்தாள்,
சங்கரா ஆய்கிற அதே அலட்சியத்தில்.

பூசையில்
சாமியார் மூன்று சொட்டு ஊற்றினார்.
ஏற்கெனவே வெளுத்த காலுக்கு
வெள்ளைத் துண்டு.
சுற்றிலும் எத்தனை செல்போன்கள்.
குனிந்தபோது அவர் முட்டி சொடுக்கியது,
பாவமாகவும் இருந்தது.

முடிந்ததும் அவளைத் தேடிப் போனேன்.
பின்வாசலில் உட்கார்ந்து
பன்னிரண்டு துண்டையும் அலசிக்கொண்டிருந்தாள்.
வழியெல்லாம் யோசித்து வைத்த வார்த்தை
தொண்டைவரை வந்துவிட்டது.

அவள் நிமிரவில்லை.
"யாருப்பா அது,
காலைத் தூக்கு,
இப்பதான் தொடச்சேன்."

தூக்கினேன்.
ஒற்றைக் காலில் கொஞ்ச நேரம் நின்றேன்,
வாய்க்கு வந்ததை விழுங்கிவிட்ட
கொக்கு மாதிரி.