நிவி கற்ற ஜெபம்

நவம்பர் கடைசியில் போன வெயில்
ஜனவரி பாதியில்தான் திரும்பும் எங்கள் விரிகுடாவுக்கு.
கிரீன்லாந்தின் மேற்குக் கரை, முப்பத்தெட்டுப் பேர்,
அதைவிட இரண்டு மடங்கு நாய்கள்.
இடையில் இருக்கிற வாரங்களில்
எல்லாம் விளக்கின் கீழேதான்:
தூண்டில் கோர்ப்பது, நாய்த்தீனி வெட்டுவது,
நிவியின் ஈரக் காலுறையைக் கணப்பின் மேல் உலர்த்துவது,
சாப்பிடுமுன் ஜெபம்.

ஜெபத்தை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.
சீல் கறி சூப்பின் ஆவிக்கு அப்பால்
எங்கள் இரண்டு வாய்களையும் பார்த்துப் பார்த்து
பல் விழுந்த வாயால் தானே பிடித்துக்கொண்டாள்,
குட்டிநாய் சறுக்குவண்டித் தடத்தைப் பிடிப்பதுபோல.

அந்த ஞாயிறு, கோயிலின் பின்னறையில்
காலணிகள் பனி சொட்டிக்கொண்டிருக்க,
பிள்ளைகள் ஒவ்வொருவராய் எழுந்து
பரமண்டல ஜெபம் சொன்னார்கள்.
நிவியும் சொன்னாள்.
பிதாவின் பெயரைச் சொன்னாள், ராஜ்யத்தைச் சொன்னாள்,
அன்றன்றைய உணவைக் கேட்டாள்.
அப்புறம் நின்றாள்.
குனிந்து தரையைப் பார்த்தாள்.
மூன்று மூச்சு.
பிறகு நிமிர்ந்து, சோதனையிலிருந்து தொடங்கி
ஆமென் வரை ஒரே ஓட்டம்.

மறந்துவிட்டாயா கண்ணே, என்றார் தொர்த்தேயா டீச்சர்.
"இல்லையே,"
டீச்சருக்கே தெரியாதா என்ற முகம்.
"அந்த இடத்தில் பேசக்கூடாது.
அப்பா தரையைப் பார்க்கிற இடம் அது."

டீச்சர் என் பக்கம் திரும்பவில்லை,
காப்பிக் கோப்பைகளை அடுக்கப் போய்விட்டார்.
யார் யாருக்குக் கடன் என்று
இங்கே நாய்களுக்கும் தெரியும்.

மூன்று குளிர்காலம் ஆயிற்று.
படகு எஞ்சினை இரவல் வாங்கிப்போன கூனுக்,
இவருடைய ஒரே தம்பி,
மிதக்கும் பனியில் மோதி உடைத்துக் கொண்டுவந்தான்.
விலை கேட்டார் இவர்.
சிரித்தான் அவன். குடித்திருந்தான்.
அன்றிரவு கடன்களை மன்னிக்கும் வரி வந்தபோது
இவர் குரல் நின்றுபோனது.
வாய்க்கு ஒன்று மனதுக்கு ஒன்று வைக்கத் தெரியாத மனிதர்.
நான் மட்டும் சொன்னால்
குத்திக்காட்டுவதுபோல் ஆகுமே என்று
நானும் நிறுத்தினேன்.
இப்படித்தான் ஒரு வீட்டில் ஒரு வரி செத்தது,
மரியாதையாக.

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னேன்,
முகம் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை.
இனூதெக் ஒன்றும் பேசவில்லை.
தூண்டில் பெட்டியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
"மூன்று மூச்சா?"
"மூன்று."

வெயில் வரும் நாளன்று
ஊரே பாறை முகட்டில் ஏறி நின்றது.
தெற்கே மலைவிளிம்பில்
ஒரு மீன்செதிலளவு ஒளி.
பெரியவர்கள் பாட, நிவி கையுறையைக் கழற்றி
விரல்களை அதில் நனைத்தாள்.
திரும்பிப் பார்த்தேன், இவரைக் காணோம்.
கூனுக்கையும் காணோம்.
கீழே அந்த மஞ்சள் வீட்டை நோக்கி
ஒற்றை ஆளின் காலடித் தடம்
போயிருந்தது, இன்னும் திரும்பவில்லை.

என்ன பேசினார்களோ, நான் கேட்கவில்லை.
எஞ்சின் இன்றைக்கும் தார்ப்பாய்க்கடியில்தான் கிடக்கிறது.
இருட்டியபின் வந்தார்,
சட்டையில் வேறு வீட்டுக் காப்பி மணம்,
கையில் பாதி ஹாலிபட் மீன்.
வால்பக்கப் பாதி. நல்ல பாதியை அவன் வைத்துக்கொண்டான்.

சாப்பாட்டு மேசை. கண்களை மூடினோம்.
உணவைக் கேட்டோம்.
பிறகு பாறையில் உரசும் வண்டிச் சட்டம்போல
அவர் தொண்டையிலிருந்து அந்த வரி வந்தது.
அரைச் சொல் பின்தங்கி
நானும் ஓடிச் சேர்ந்தேன்.
ஆமென்.

நிவி கண்களைத் திறந்தாள். கடுங்கோபம்.
"அப்பா,
தரையைப் பார்க்க மறந்துட்டீங்க."