ஐந்தாவது நீர்

மே பதினாறு. தில்லி, மயூர் விகார் மூன்றாம் பேஸ்.
பதினொன்றாம் வகுப்பு பி பிரிவுக்கு
விடுமுறைக்கு முந்தைய கடைசி செய்முறை.

மயில்துத்தத்தைப் பீங்கான் கிண்ணத்தில் கொட்டிச்
சூடேற்றச் சொன்னேன்.
ஒவ்வொன்றும் தன்னோடு ஐந்து நீர் வைத்திருக்கிறது,
நீலம் அந்த நீர் கொடுத்தது, அதன் சொந்தமில்லை என்றேன்.
நான்கு நீர் கொஞ்சம் சுட்டாலே எழுந்து போய்விடும்.
ஐந்தாவது அப்படியல்ல.
இருநூறு டிகிரி வரைக்கும்
நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
"அப்புறம்?" என்றாள் பின்வரிசை ஹர்லீன்.
அப்புறம் வெள்ளை. சுண்ணாம்பு வெள்ளை.

அடுத்தது சர்க்கரை.
பன்னிரண்டு கரியும் பதினோரு தண்ணீரும்
ஒன்றாகக் குடித்தனம் நடத்தும் வீடு அது.
கந்தக அமிலம் பதினொன்றையும் பிடுங்கிக்கொள்ள
பீக்கரிலிருந்து எழும்பி வந்தது கரி,
ஆவி விட்டுக்கொண்டு, பாம்பு மாதிரி.
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன்.
நிமிரும்போது சுவர் ஒரு சுற்று சுற்றி
இடத்துக்கு வந்தது.

ஒன்றரை மணி. வெளியே லூ
அசோக மரங்களை வறுத்துக்கொண்டிருந்தது.
ஸ்டாஃப் ரூமில் யாரோ வரவழைத்த பிரியாணியோடு
ஒரு பையன் கேட்டில் பைக்கை நிறுத்தினான்,
ஸ்டாண்ட் போட மறந்தான்,
பைக்கோடு சேர்ந்து சாய்ந்தான்.

பெயர் ராம்பிரவேஷ். அதைச் சொல்வதற்கே
நாக்கை அண்ணத்திலிருந்து
உரித்தெடுக்க வேண்டியிருந்தது.
புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன்.
கிள்ளியது கிள்ளியபடி நின்றது.

காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லையா?
இல்லை.
பையில் பாட்டில் இருக்கிறதே?
இருக்கிறது.
சிரிக்கப் பார்த்தான், உதடு வெடித்தது.
"குடிச்சா போகணும் மேடம். எங்க போறது?
ஒரு தடவ நிறுத்தினா ஒரு ஆர்டர் போச்சு."

ஒரு லிட்டர் தண்ணீர். ஆறு கரண்டி சர்க்கரை. அரைக் கரண்டி உப்பு.
ஸ்டாஃப் ரூம் டப்பாவிலிருந்துதான்,
ஆய்வகத்துச் சர்க்கரையை யாருக்கும் தரக்கூடாது.
காலையில் நான் கொள்ளையடித்த அதே சர்க்கரை
இப்போது உப்பின் கையைப் பிடித்துக்கொண்டு
அவன் குடலின் கதவைத் தட்டியது.
தண்ணீர் தனியாக வந்தால் தயங்கும்.
இவை இரண்டும் உள்ளே போனால்
பின்னாலேயே வந்துவிடும்,
கல்யாண வீட்டுக்குப் பந்தி தெரிந்து வருகிறவர்கள் மாதிரி.

மடக்கு மடக்காக, நாற்பது நிமிடம்.
பிறகு பிரியாணி ஆறிப்போச்சு, ரேட்டிங் போச்சு என்று
அழத் தொடங்கினான்.
வெறும் முகக்கோணல்தான் முதலில்.
அப்புறம் இடது கண்ணில் ஒரு சொட்டு
நிஜமாகவே வந்தது.
எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

காவலாளி தேவேந்தர் அவனைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனார்.
ஆண்களுக்கானது திறந்திருந்தது.

பெண் ஆசிரியர்களுக்கானது ஏப்ரலிலிருந்து பூட்டு.
சாவி பிரின்சிபால் அறையில்.
கேட்டால் தருவார்கள்,
கேட்கிறவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு.
ஏழு மணிக்கு நிரப்பிய என் பாட்டில்
கழுத்துவரை அப்படியே இருந்தது.
என் புறங்கையைக் கிள்ளினேன்.
இறங்கியது.
இறங்கியது என்றுதான் சொல்லவேண்டும்.

ஜூலையில் பள்ளி திறந்தபோது
ஹர்லீன் கழுவ மறந்த கிண்ணம் ஜன்னலோரம் கிடந்தது.
யாரும் எதையும் ஊற்றவில்லை.
மழைக்காற்றிலிருந்து தானே எடுத்துக்கொண்டு
ஓரங்களில் நீலம் பிடித்திருந்தது.

நான் சாவி கேட்கப் போனேன்.